பனையேறிக் கெண்டைக்கு எந்தத் தூண்டில்?

பக்கத்து வீட்டுப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். லீவு விட்டால் கீழே சேந்தமங்கலம் பக்கம் மாமன் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே ஏரியும் குட்டையும் உண்டு. திரையில் பளபளவென்று ஒரு தூண்டில் கம்பு, அதில் மாட்டிய ரீல், ஒரு டப்பா நிறைய ரப்பர் மீன்கள். எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.

"தாத்தா, பனையேறி புடிக்க இது ஆகுங்களா? உங்களைக் கேட்டுட்டு வாங்கலாம்னு அப்பா சொன்னாங்க."

திண்ணனூர் நாட்டில் எனக்கு மீன் நிபுணன் என்று பெயர் வந்தது எப்படி என்று எனக்கே தெரியாது. கடற்கரை ஊரிலிருந்து வந்தவன் என்பது ஒன்றுதான் தகுதி. காரைக்காலில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பத்தாறு வருடம் கோப்பு புரட்டியவன். ஓய்வு பெற்றபின், இங்கே ஆசிரியையாக இருக்கும் மகளோடு வந்து சேர்ந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்த வயிறு, இன்னொரு முறை இறங்கி ஏறச் சம்மதிக்கவில்லை. தங்கிவிட்டேன்.

"ரெண்டு நாள் பொறு கண்ணு, யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். அவனுக்கு அது ஒரு வரிக் கேள்வி. எனக்கு அறுபது வருடத்துக் கேள்வி. பதில் நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலை மேலே நான் பனையேறியைப் பார்த்ததில்லை. இங்கே ஓடைகளில் விரல் நீளத்துச் சின்ன மீன்கள்தான். அதிலும் ஐயாற்றில், வளப்பூர் நாட்டு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம், மீன் பிடிப்பது என்ற பேச்சே கிடையாது. ஆற்று மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, மீன் துள்ளித் திரும்ப ஆற்றுக்குள் போய்விட்டது என்று கதை. அந்த மீன்களுக்கு உணவு போடுவார்கள், கும்பிடுவார்கள். தூண்டில் போடுகிறவன் மலையை விட்டு இறங்கித்தான் போடவேண்டும்.

பனையேறி சமவெளி மீன். குளம், குட்டை, வயல் வாய்க்கால், சேறு இதெல்லாம் அதற்குப் போதும். பெரும்பாலும் உள்ளங்கை நீளம் இருக்கும். பச்சை கலந்த கருப்பு. முதுகில் பதினாறுக்குக் குறையாத முட்கள் வரிசையாக நிற்கும். செவுள் மூடியின் ஓரம் ரம்பம் போல இருக்கும். செவுளுக்கு மேலே ஒரு சின்ன அறை. அதற்குள் மடிப்பு மடிப்பாக எலும்புத் தகடு. வாயால் வெளிக்காற்றை விழுங்கி அங்கே நிறுத்தி மூச்சு வாங்கும். மேலே வந்து காற்றுக் குடிக்க வழியில்லாமல் செய்துவிட்டால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப் போகும் மீன் இது. மழை பெய்து தரை நனைந்ததும் செவுள் மூடியை விரித்து ஊன்றி, வாலால் உந்தி, ஒரு குளத்தை விட்டு இன்னொரு குளத்துக்கு நடந்தே போய்விடும்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். இயற்கைப் பாடத்தில் 'பெர்ஷ்' என்று ஒரு மீன் படம் இருந்தது. ஐரோப்பாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் முள் துடுப்பு மீன். ஆங்கிலத்தில் பெர்ச் என்பார்கள். அதே 'பெர்ஷ்' என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் நீளமான கழி என்றும் பொருள் உண்டு. சொல் எழுதுதல் வகுப்பில் "பெர்ஷைக் கையில் எடுத்தான்" என்று எங்கள் முசியே சொன்னபோது, பாதிப் பையன்கள் மீனையும் பாதிப் பையன்கள் கழியையும் படமாக வரைந்தோம். இரண்டு கட்சிக்கும் அடி கிடைத்தது. படம் வரையச் சொல்லவில்லை என்பதுதான் குற்றம்.

நம்முடைய பனையேறியை வெள்ளைக்காரர்கள் முதலில் இந்தப் பெர்ச் குடும்பத்தில்தான் சேர்த்தார்கள். முள் துடுப்பைப் பார்த்து ஏமாந்தார்கள். உண்மையில் அது விராலுக்குத்தான் நெருங்கிய உறவு. ஆனாலும் ஆங்கிலத்தில் இன்றுவரை 'ஏறும் பெர்ச்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் பிறந்த இடம் எங்கள் காரைக்காலிலிருந்து வடக்கே சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது: தரங்கம்பாடி.

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே டால்டார்ஃப் என்று ஒரு லெப்டினன்ட். 1791 நவம்பரில், குளக்கரையில் நின்ற ஒரு பனைமரத்தில், மழைநீர் வழிந்து கொண்டிருந்த பிளவுக்குள், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் கண்டு கையால் பிடித்ததாக எழுதினார். செவுள் மூடியின் முள்ளை மரத்தில் குத்தி, வாலை வளைத்து, அடித்துடுப்பின் முள்ளை ஊன்றி, மேலே நகர்ந்தது என்று விளக்கமும் கொடுத்தார். அது லண்டன் லின்னேயன் சங்கத்து ஏட்டில் 1797இல் அச்சாயிற்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தரங்கம்பாடிக் குளக்கரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, பனைமரத்தில் தண்ணீர் வழிவது ஆச்சரியமில்லை. மீன்தான் ஆச்சரியம்.

இதற்கு முன்னாலேயே, 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு வணிகர் குறிப்பில், தண்ணீரை விட்டு வெளியேறித் தென்னை மரத்தில் ஏறிச் சாறு குடித்துவிட்டுத் திரும்பும் மீன் என்று ஒரு செய்தி இருக்கிறது. கள் குடிக்க மரம் ஏறும் மீன்! எங்கள் காரைக்கால்காரர்கள் கேட்டால் அந்த மீனின் கட்சியில்தான் சேருவார்கள். பாரிசில் கூவியே தொகுத்த மீன் வரலாறு 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக வந்தது. புதுச்சேரியிலிருந்து லெஷெனோ போன்றவர்கள் அனுப்பிய மீன்கள் அதற்குப் பயன்பட்டன. செவுளுக்கு மேலேயுள்ள அந்த அறையை வைத்துத்தான் கூவியே இந்த மீன்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்தார். அப்புறம் 1927இல் பி.கே. தாஸ் என்ற இந்திய ஆராய்ச்சியாளர் மரம் ஏறும் கதையை மறுத்தார். ஈரத்தரையில் நடந்து போகும் மீனைக் காக்கையும் பருந்தும் கவ்விக்கொண்டு போய், மரத்தில் தவறவிடுகின்றன. பார்த்தவர்கள் மீனே ஏறியது என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது அவர் கட்சி. டால்டார்ஃப் கண்ட மீன் நகர்ந்துகொண்டிருந்தது என்பதைக் காக்கை கணக்கில் எப்படி எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. எழுத்தர் புத்தி; கணக்கு நேராகாமல் தூக்கம் வராது.

அத்தனை பேரும் மீன் ஏறுமா ஏறாதா என்றே எழுதினார்கள். அதை எந்தக் கம்பால், எந்தக் கயிற்றால், எந்த முள்ளால் பிடிப்பது, பிடித்தபின் கை என்ன செய்யும் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. எனக்கு அதுதான் கவலை.

தமிழில் தூண்டிலைப் பற்றி முழுசாகச் சொல்லும் பழைய இடம் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, தொண்டைமான் இளந்திரையனைத் தேடிப் போகும் வழி. அந்தக் காட்சியில் நீளமான மூங்கில் கழி இருக்கிறது, அதில் கட்டிய கயிறு இருக்கிறது, வளைந்த வாயுள்ள இரும்பு முள் இருக்கிறது, முள்ளை மூடிய இறைச்சி இரை இருக்கிறது. வாளை மீன் இரையைத் தின்றுவிட்டு முள்ளை ஏமாற்றித் தப்புகிறது. தப்பிய மீன் அப்புறம் கரைப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்துக்கூட, தூண்டிலோ என்று மிரளுகிறது. தூண்டில் போட்டவர்தான் இதை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றும். அதில் நான் அடிக்கடி நினைக்கும் விவரம் வேறு: மீன் பிடிக்கும் பாண்மகன் இரைப் பையைக் கையில் வைத்திருக்கவில்லை, தோல் பையாகத் தோளில் கட்டியிருக்கிறான். ஒரு கையில் கழி, இன்னொரு கை சும்மா. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூங்கில் கம்பு அப்படியே ஆயிரத்தெண்ணூறு இரண்டாயிரம் வருடம் ஓடியது. காரைக்காலில் என் அப்பா தேய்பிறையில் வெட்டிய மூங்கில்தான் உளுக்காது என்பார். வெட்டியதை நிழலில் காயவைத்து, அடுப்பங்கரைப் பரணில் புகைபட வைத்து, கணுவைச் சீவி, கோணல் இருந்தால் தணலில் வாட்டி நிமிர்த்துவார். நுனி சுண்டுவிரலில் பாதி கனம். பனையேறிக்கு எட்டு முதல் பத்து அடி போதும், ஏனென்றால் அந்த மீன் நடுக்குளத்தில் இருக்காது. கரையோரப் பாசியிலும் அல்லித் தண்டிலும் ஒண்டிக்கொண்டு, அவ்வப்போது மேலே வந்து 'பொளக்' என்று காற்றுக் குடிக்கும். அந்தச் சத்தம்தான் நமக்குத் தடயம்.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது கப்பலில் கம்பையும் கொண்டுவந்தார்கள். ஆனால் சீக்கிரமே வண்டி எதிர்த்திசையில் ஓடியது. 19ஆம் நூற்றாண்டில் 'கல்கத்தா மூங்கில்' என்ற பெயரில் நம் நாட்டு மூங்கில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்கே கீற்றுக் கீற்றாகப் பிளந்து ஒட்டி, உயர்ந்த விலைத் தூண்டில் கம்புகளாயிற்று. பிறகு 'தோங்கின் மூங்கில்' வந்து அதைத் தள்ளிவிட்டது. பேர்தான் தோங்கின், வளர்வது தென்சீனத்தில். கண்ணாடியிழைக் கம்பு இரண்டாம் உலகப் போரை ஒட்டியும், கரியிழைக் கம்பு 1970களிலும் வந்தவை. பையன் காட்டியது இந்த வகையில் ஒன்று.

சென்னை மாகாணத்தில் எச்.எஸ். தாமஸ் என்று ஒரு சிவில் அதிகாரி இருந்தார். தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1887இல் குளம் ஏரிகளில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொன்று எழுதினார். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு இரண்டு புத்தகம் எழுத நேரம் கிடைத்தவர் என்ற பொறாமை எனக்கு உண்டு. துரைகளின் தூண்டில் ஆற்று மகசீருக்கும், பிறகு நீலகிரியில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கும் வளர்ந்த தூண்டில். பெரிய தண்ணீர், பெரிய மீன், தூரமாக வீசவேண்டும். அதனால் ரீல் தேவைப்பட்டது. இன்று எல்லாரும் வைத்திருக்கும் அசையாச் சுருள் ரீலுக்கு 1905இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் இல்லிங்வொர்த் என்ற ஆலை முதலாளி. மில்லில் கண்டிலிருந்து நூல் நழுவி வருவதைப் பார்த்து யோசனை பிறந்தது என்பார்கள். துரைக்கு மீனைக் கழற்றிக் கொடுக்கவும், வலைக்கூடை பிடிக்கவும், பையைத் தூக்கவும் கூடவே ஆள் போவான். ஆக, அந்தத் தூண்டிலுக்கு மொத்தம் நான்கு கை. நம்முடையதற்கு இரண்டே கை.

கயிற்றுக்கு வருகிறேன். நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி நூலை முறுக்கி, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் கறுப்பேற்றுவார்கள். வலைக்கும் அதே பக்குவம்தான், நூல் அழுகாது. முள்ளுக்குப் பக்கத்தில் மட்டும் மீன் கண்ணுக்குத் தெரியாதபடி குதிரை வால் மயிர். ஐரோப்பாவில் அந்த இடத்தில் பட்டுப்புழுவின் குடலை இழுத்து நீட்டிய நரம்பைக் கட்டினார்கள். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் கரோதர்ஸ் 1935இல் நைலானைக் கண்டுபிடித்தபின் இவையெல்லாம் ஒரே தலைமுறையில் காணாமல் போயின. நைலான் இழைக்கு இந்தப் பக்கம் நரம்பு என்கிறார்கள். எங்கள் கடற்கரையில் தங்கூஸ் என்போம். மலாய் மொழியில் தூண்டில் நரம்புக்குத் 'தங்சி' என்று பெயர். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போய்வந்த எங்கள் ஊர்க்காரர்கள் துணிமணியோடு சொல்லையும் மூட்டை கட்டி வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

தங்கூஸ் வந்ததில் மீனவனுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பருத்தி நூல் சிக்கினால் பிரிக்கலாம். தங்கூஸ் சிக்கினால் குருவிக் கூடுதான். அதைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டும்.

என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். இந்தோசீனச் சண்டை முடிந்து, பென்ஷனும் ஒரு தகரப் பெட்டியுமாக ஊர் திரும்பினார். பெட்டிக்குள் பிளவு மூங்கிலில் செய்த இரண்டு துண்டுக் கம்பு, சிவப்பு வெள்ளை வர்ணம் பூசிய தக்கைகள், ஒரு மிட்செல் ரீல். பிரான்சில் மலைப்பக்கத்து ஊரான குளூசில் 1948 முதல் செய்த சாமான் அது. கைப்பிடியைச் சுற்றினால் கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்று கேட்கும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தக்கையைப் பிரெஞ்சில் 'பூஷோன்' என்பார்கள். பாட்டில் மூடிக்கும் அதே சொல்தான். நாமும் இரண்டுக்கும் தக்கை என்றுதான் சொல்கிறோம் என்று சித்தப்பா ஒரு பெரிய கண்டுபிடிப்பைப் போலச் சொல்வார். அப்பா தன் மயிலிறகுத் தண்டுத் தக்கையைக் காட்டி, "இது மூடவும் மூடாது, முழுகவும் முழுகாது" என்பார்.

1961 ஐப்பசி. காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. சட்டப்படி ஒப்படைப்பு மறு ஆண்டுதான். எனக்குப் பதினோரு வயது. இரண்டு நாள் மழை விட்டிருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு குளத்துக்கு நான், சித்தப்பா, எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு அண்ணன் மூன்று பேரும் போனோம். அண்ணனுக்கு இருபது வயது இருக்கும், மணப்பேச்சு நடந்துகொண்டிருந்தது. குளத்தில் பனையேறி சளைக்காமல் கடித்தது. மண்புழு போட்டு முடிப்பதற்குள் தக்கை போய்விடும். அப்பா வைத்திருக்கும் ஓலைப்பறியை எடுத்துவர மறந்திருந்தோம். புதுச் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பெருமையில் பழையது யாருக்கும் நினைவு வரவில்லை.

சித்தப்பா எதிர்க்கரைக்குப் போயிருந்தபோது ரீலை என் கையில் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சி வாங்கினேன். வீசத் தெரியாமல் வீசினேன். தங்கூஸ் மொத்தமும் ரீலைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து முள்ளில் மீன். அண்ணன் மீனைக் கழற்றினார். கீழே போட்டால் நடந்து தண்ணீருக்குப் போய்விடும் மீன் அது. நேரே குளத்துப் பக்கம்தான் திரும்பும். அண்ணன் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, சிக்கைப் பிரிக்க இரண்டு கைகளையும் ரீலில் வைத்தார். வயல்வெளியில் கையால் மீன் பிடிக்கிறவர்கள் அப்படிச் செய்வதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

மீன் ஒரு துள்ளுத் துள்ளி உள்ளே போய்விட்டது.

அதற்கு மேல் விவரமாக எழுத விருப்பமில்லை. பனையேறி தலை முன்னால் போனால் உள்ளே போவது சுலபம். வெளியே இழுத்தால் செவுள் மூடி விரிந்து, முதுகு முள் நிமிர்ந்து, எல்லாம் பின்னோக்கிக் குத்திக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். மரத்தில் ஏற உதவும் என்று டால்டார்ஃப் வருணித்த அதே அமைப்புதான். சித்தப்பா ஓடி வந்து வாலைப் பிடித்து இழுத்தார். வால்தான் கையோடு வந்தது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்தபின் நூலகத்தில் தேடும் பழக்கம் வந்தது; அப்போதுதான் தெரிந்தது. நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கட்ஜர் என்பவர், உயிரோடு இருக்கும் மீன் மனிதன் தொண்டையில் சிக்கிக்கொண்ட நிகழ்ச்சிகளை மட்டுமே தேடித் தொகுத்து 1926இல் ஒரு நீண்ட மருத்துவக் கட்டுரை எழுதியிருக்கிறார். நம் நாட்டு மருத்துவ இதழ்களில் இன்றைக்கும் அவ்வப்போது இப்படிச் செய்தி வருகிறது. பல தடவை மீன் இதே மீன், காரணமும் இதே காரணம். கை போதாமல் வாயில் வைத்தது. ஆயிரத்து நூறு வருடமாக இந்த மீன் மரம் ஏறுவதைப் பற்றி எழுதியவர்கள், அது மனிதன் தொண்டைக்குள் ஏறுவதை ஒரு ஓரக் குறிப்பாகவாவது சேர்த்திருக்கலாம்.

சித்தப்பா அந்த ரீலைத் திரும்பத் தொடவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. யாருமே சொல்லவில்லை. சிக்கு போட்டது நான் என்பது அந்த அண்ணன் வீட்டாருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதுவரை நான் எங்கும் எழுதாத விஷயம் இது.

அப்பா மட்டும் ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் தன் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். போகவேண்டாம் என்று அம்மா அழுதார். அப்பா இடுப்பில் ஓலைப்பறியைக் கட்டினார். குறுகிய வாய், அகன்ற வயிறு. உள்ளே போன மீன் வெளியே வராது. கம்பு வலது கையில். மீன் வந்ததும் கம்பை அக்குளில் இடுக்கி, இடது கையை ஈரம் செய்து, தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முள்ளைப் படுக்க வைத்துப் பிடித்தார். வலது கையால் முள்ளைக் கழற்றினார். பறிக்குள் போட்டார். ஒரு வார்த்தை பேசாமல் இதையே பத்துப் பன்னிரண்டு முறை செய்து காட்டினார். பிறகு கம்பை என் கையில் கொடுத்தார்.

பெரும்பாணாற்றுப்படையைக் கல்லூரி நாளில்தான் படித்தேன், அதுவும் தமிழ் படித்த ஒரு நண்பன் சொல்லிக் கொடுத்து. தோளில் கட்டிய பை என்ற இடம் வந்ததும் எனக்கு அப்பாவின் இடுப்புதான் கண்ணில் வந்தது.

சரி, பையனுக்கு என்ன சொல்வது? ரீல் கெட்ட சாமான் என்று நான் சொல்லமாட்டேன். மேட்டூர் அணையில் தூரமாக வீசுகிறவனுக்கு அது வேண்டும். ரப்பர் மீன் விராலுக்கு ஆகும். கரையோரத்தில் ஐந்தடித் தண்ணீரில் ஒண்டிக்கிடக்கும் பனையேறிக்கு இரண்டுமே வீண். மலையில் மூங்கிலுக்கா பஞ்சம்? உள்ளே ஓட்டையில்லாத கல்மூங்கிலில் மெல்லியதாக ஒன்பதடி. கம்பு நீளத்துக்குத் தங்கூஸ், கால் மில்லிமீட்டர் கனம். அதற்கு மேல் தடித்தால் மீன் சந்தேகப்படும். அதைக் கம்பு நுனியில் மட்டும் கட்டாமல், இரண்டு சாண் கீழேயும் ஒரு முடிச்சுப் போடவேண்டும். நுனி ஒடிந்தாலும் கயிறு போகாது. முள் பத்தாம் நம்பர், தண்டு நீளமானது. (முள்ளுக்கு நம்பர் கூடக் கூட அளவு சிறுக்கும். எங்கள் அலுவலகத்தில் பதவி வரிசையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.) தண்டு நீளமாக இருந்தால் மீன் வாய்க்கு வெளியே பிடித்துக் கழற்றலாம்; விரலை உள்ளே விடவேண்டாம். தக்கைக்கு மயிலிறகுத் தண்டோ நெட்டித் துண்டோ போதும். ஈயம் அரிசி அளவு. இரைக்கு மண்புழு, மழை ஓய்ந்த சாயங்காலம் ஈசல் கிடைத்தால் அதற்கு மேல் இரையே இல்லை.

இதெல்லாம் சேர்த்து நூறு ரூபாய் ஆகாது. மீதிப் பணத்துக்கு என்ன வாங்குவது என்று பையனின் அப்பா கேட்டார். அதற்குத்தான் இத்தனை எழுதினேன்: மூடியுள்ள கூடை. ஓலைப்பறி இங்கே கிடைக்கவில்லை. பையனின் பாட்டி, தேன் எடுக்கப் போகும்போது அவர் வீட்டுக்காரர் கொண்டுபோன பழைய மூங்கில் கூடை ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். வாய் அகலமாக இருந்தது. நானும் பையனும் உட்கார்ந்து துணியில் ஒரு குழாய் வாய் தைத்து, நாடா கோத்து, அவன் இடுப்பு அளவுக்கு வார் கட்டினோம்.

நேற்று எங்கள் வாசலிலேயே ஒத்திகை பார்த்தோம். மீனுக்குப் பதில் ஒரு வெண்டைக்காய். கம்பை அக்குளில் இடுக்கு, கையை நனை, தலையிலிருந்து தடவு, கழற்று, போடு. மூன்றாவது முறை அவனுக்கு அலுத்துவிட்டது. சும்மா விளையாட்டுக்கு வெண்டைக்காயைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் போட்ட சத்தத்தில் மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். பையன் மிரண்டு போனான். அவனைத் திண்ணையில் உட்கார வைத்து, அண்ணன் கதையைச் சொன்னேன். சிக்கு போட்டது யார் என்பதையும் சொன்னேன். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப உங்களுக்கு என் வயசா தாத்தா?" என்று கேட்டான்.

"உன்னைவிட ரெண்டு வயசு சின்னவன்" என்றேன்.

வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு எழுந்து போய், கையை நனைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கீழே இறங்குகிறான்.